கேமரன் மலையில் கெடு தவறாத கணினிகள்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் தேயிலை செய்வது ஒவ்வொரு கட்டத்திலும் நேரத்துக்குக் கட்டுப்பட்ட தொழில். செடியிலிருந்து பறித்த கணத்திலேயே கொழுந்து ஈரத்தை இழக்கத் தொடங்குகிறது. அதை ஏறத்தாழ 12 முதல் 18 மணி நேரம் காற்றில் வாட்டி, உருட்டி நசுக்கி, இலைச்சாறு காற்றுப்பட்டுச் செம்பழுப்பு நிறம் கொள்ளும்வரை ஒன்றிரண்டு மணி நேரம் புளிக்கவிட்டு, நிறமும் மணமும் கூடிவரும் வேளையில் 100 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பக் காற்றில் உலர்த்தினால்தான் அது தேயிலைத் தூளாகிறது. உலர்த்தத் தாமதித்தால் சுவை மந்தமாகிவிடும், வெப்பம் மிகுந்தால் தூள் கருகிவிடும். 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தை நிறுவிய காலத்திலும், அதன் பின் நெடுங்காலமும், இந்த நேரக் கணக்கைத் தம் மூக்காலும் விரல்நுனியாலும் காத்துவந்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்து இம்மலையில் குடியேறிய தமிழ்த் தொழிலாளர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமே ஆவர்.

தேயிலைத் தொழிற்சாலைகள் இயந்திரமயமாக ஆக, இந்தக் கணக்கின் ஒரு பகுதி சுவரில் மாட்டிய இரும்புப் பெட்டிகளுக்குள் இருக்கும் சிறு கணினிகளின் பொறுப்புக்கு மாறிவருகிறது. வாட்டும் தொட்டியின் காற்றாடியை எப்போது நிறுத்துவது, உலர்கலனுக்குள் செல்லும் காற்றின் வெப்பத்தை எப்படி நிலைநிறுத்துவது, எரிப்பானில் சுடர் அணைந்துவிட்டால் எரிபொருளை எத்தனை விரைவில் அடைப்பது என்பன போன்ற முடிவுகளை எடுக்கும் இத்தகைய கணினிகளுக்கு நேரம் தவறுவது என்பது பிழையான விடை தருவதற்குச் சமம். அவற்றுக்குள் இருந்து வேலைகளை வரிசைப்படுத்தும் அடிப்படை மென்பொருளே நிகழ்நேர இயங்குதளம். தொழிற்சாலைகளில் வேலை செய்வோரும் அவற்றுக்குக் கருவி வாங்குவோரும் இந்த மென்பொருளைப் பற்றி அறிந்திருப்பது மிகக் குறைவு என்பதோடு, அறிய விரும்புவோர் எதைக் கேட்பது, எங்கே தேடுவது என்பதும் தமிழில் எழுதப்படாமலேயே இருந்துவருகிறது.

இதே மலையில் தேயிலையின் காலக்கணக்கைவிட மிக நுண்ணிய ஒரு காலக்கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1963-ல் ரிங்லெட் அருகே கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கர் அணை பெர்தாம் ஆற்றைத் தேக்குகிறது. அந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கப்பாதை வழியே பேராக் பக்கம் இறங்கி, ஜோரிலுள்ள 100 மெகாவாட் நிலத்தடி மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது. மலேசிய மின்கட்டமைப்பு 50 ஹெர்ட்ஸில் இயங்குவதால் மின்னோட்டத்தின் ஒரு சுற்று 20 மில்லிவினாடியில், அதாவது ஒரு வினாடியை ஐம்பதாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கில், முடிந்துவிடுகிறது. ஒரு மின்தடத்தில் குறுக்குச்சுற்று நேர்ந்தால் பாதுகாப்புக் கருவி அதை உணர்ந்து தடத்தைத் துண்டிக்கச் சில சுற்றுகளுக்கு மேல் காத்திருக்க முடியாது. ஆகவே மணிக்கணக்கில் வாடும் கொழுந்தும், வினாடிக்கணக்கில் காக்கப்பட வேண்டிய சுடரும், மில்லிவினாடிக் கணக்கில் காக்கப்பட வேண்டிய மின்தடமும் ஒரே மலைத்தொடரில் அருகருகே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அதனதன் கெடு உண்டு.

நிகழ்நேரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் வேகம் என்று பொருள்கொள்வது பரவலான பிழை. கைப்பேசியின் இயங்குதளம் பெரும்பாலான நேரங்களில் மிக வேகமானது என்றாலும், எப்போதாவது ஒருமுறை திரை அரை வினாடி உறைந்துபோனால் யாருக்கும் கேடில்லை என்பதால், சராசரி வேகத்தையும் பல நிரல்களுக்கிடையே நேரத்தை ஓரளவு நியாயமாகப் பங்கிடுவதையுமே அது குறிக்கோளாகக் கொள்கிறது. நிகழ்நேர இயங்குதளம் சராசரியைப் பொருட்படுத்துவதில்லை. எவ்வளவு நெருக்கடி நேர்ந்தாலும் இந்த வேலை இந்தக் கெடுவுக்குள் முடியும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லக்கூடிய வகையில் அது கட்டப்படுகிறது. கெடு தவறினால் உயிருக்கோ இயந்திரத்துக்கோ கேடு வரும் இடங்களில் இயங்குவன கடும் நிகழ்நேர அமைப்புகள் என்றும், எப்போதாவது தவறினால் தரம் மட்டும் சற்றுக் குறையும் இடங்களில் இயங்குவன மென் நிகழ்நேர அமைப்புகள் என்றும் பிரிக்கப்படுகின்றன. எரிப்பானின் சுடர்க் காவல் முதல் வகை, அதே உலர்கலனின் வெப்பநிலையைத் திரையில் காட்டுவது இரண்டாம் வகை.

இந்த உறுதியை அது எப்படித் தருகிறது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஓர் உலர்கலனின் கட்டுப்பாட்டுக் கணினிக்கு மூன்று பணிகள் இருப்பதாகக் கொள்வோம்: 100 மில்லிவினாடிக்கு ஒருமுறை சுடரைச் சோதிப்பதற்கு 10 மில்லிவினாடி பிடிக்கிறது, 500 மில்லிவினாடிக்கு ஒருமுறை வெப்பத்தை அளந்து திருத்துவதற்கு 100 மில்லிவினாடி பிடிக்கிறது, வினாடிக்கு ஒருமுறை திரையைப் புதுப்பிப்பதற்கு 200 மில்லிவினாடி பிடிக்கிறது. பணிகளை ஒன்றன்பின் ஒன்றாக மட்டும் செய்யும் எளிய நிரலாக இருந்தால், திரையை வரையும் 200 மில்லிவினாடிக்குள் சுடரைப் பார்க்க வேண்டிய முறை இருமுறை வந்து போய்விடும். நிகழ்நேர இயங்குதளமோ ஒவ்வொரு பணிக்கும் ஒரு முன்னுரிமை எண்ணைக் கொடுத்து, உயர்ந்த முன்னுரிமை கொண்ட பணியின் முறை வந்தவுடன், கீழ்ப்பணி எந்த இடத்தில் இருந்தாலும் அதை அங்கேயே நிறுத்திவைத்து, மேற்பணியை முடித்த பின் விட்ட இடத்திலிருந்து தொடரச் செய்கிறது. எந்தப் பணி அடிக்கடி திரும்பி வருகிறதோ அதற்கே உயர்ந்த முன்னுரிமை தரவேண்டும் என்ற விதியை லியூவும் லேலண்டும் 1973-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் கணித முறையில் நிறுவினார்கள். அவ்விதிப்படி முன்னுரிமை அளிக்கப்பட்டால், மூன்று பணிகள் சேர்ந்து செயலியின் நேரத்தில் ஏறத்தாழ 78 விழுக்காட்டுக்கு மேல் கேட்காதவரை ஒரு கெடுவும் தவறாது. பணிகள் எத்தனை கூடினாலும் ஏறத்தாழ 69 விழுக்காடுவரை அந்த உறுதி நிற்கும். மேற்சொன்ன மூன்று பணிகளும் முறையே 10, 20, 20 விழுக்காடு கேட்கின்றன. மொத்தம் 50 விழுக்காடே ஆவதால் இயக்கிப் பார்ப்பதற்கு முன்பே அந்த அமைப்பு கெடு தவறாது என்று தாளில் எழுதிக் காட்டிவிடலாம்.

ஆனால் அந்தக் கணக்கு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: பணிகள் ஒன்றையொன்று சாராதவையாக இருக்கவேண்டும். நடைமுறையில் அவை ஒரே தரவை, ஒரே தகவல் தடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு பணி தரவை மாற்றிக்கொண்டிருக்கும்போது மற்றொன்று அதைத் தொடாதபடி காக்க ஒரு பூட்டு வைக்கப்படுகிறது, அதற்கு மியூட்டெக்ஸ் என்று பெயர். கீழ்ப்பணி ஒன்று பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்க, மேற்பணி அதற்காகக் காத்திருக்க, இரண்டுக்கும் இடைப்பட்ட முன்னுரிமை கொண்ட மூன்றாவது பணி ஒன்று வந்து கீழ்ப்பணியை நிறுத்திவைத்துவிட்டால், பூட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாத அந்த இடைப்பணி முடியும்வரை மேற்பணியும் நின்றுபோகிறது. முன்னுரிமைத் தலைகீழாக்கம் என்று அழைக்கப்படும் இச்சிக்கலுக்குத் தீர்வு சொன்ன மூவரில் ஒருவர், மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற ரகுநாதன் ராஜ்குமார். லுய் ஷா, ஜான் லெஹோஸ்கி ஆகியோருடன் சேர்ந்து அவர் 1990-ல் வெளியிட்ட கட்டுரை, பூட்டைப் பிடித்திருக்கும் கீழ்ப்பணிக்கு, அதற்காகக் காத்திருக்கும் மேற்பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாக ஏற்றிவிட்டால் இடைப்பணி குறுக்கிட முடியாது என்பதைக் காட்டியது. இதற்கு முன்னுரிமை மரபுரிமை என்று பெயர்.

ஏழு ஆண்டுகளில் அந்தக் கட்டுரையின் மதிப்பு வேற்றுக் கோளில் மெய்ப்பட்டது. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம், சில நாட்களில் தன்னைத்தானே திரும்பத் திரும்ப மறுதொடக்கம் செய்துகொள்ளத் தொடங்கியது. அதில் இயங்கியது வின்ட் ரிவர் நிறுவனத்தின் விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற நிகழ்நேர இயங்குதளம். வானிலைத் தரவு திரட்டும் கீழ்ப்பணி பூட்டைப் பிடித்திருக்க, தகவல் தடத்தை நிர்வகிக்கும் மேற்பணி காத்திருந்து கெடு தவற, ஏதோ கோளாறு என்று கருதிய காவல் ஏற்பாடு கணினியையே நிறுத்தித் தொடங்கிவிட்டது. ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தின் பொறியாளர்கள் பூமியில் வைத்திருந்த இணைநிலைக் கணினியில் ஒவ்வொரு பணி மாற்றத்தையும் பதிவு செய்து, அதே கோளாறை மறுபடி நிகழ்த்திக் காரணத்தைக் கண்டார்கள். அந்த இயங்குதளத்தின் பூட்டுகளில் முன்னுரிமை மரபுரிமை ஏற்கெனவே இருந்தது. அது ஒரு விருப்பத்தேர்வாக வைக்கப்பட்டிருந்ததும், சிக்கலுக்குக் காரணமான பூட்டில் அது இயக்கப்படாமல் விடப்பட்டிருந்ததுமே கோளாறின் வேர். அந்த ஒரு தேர்வை மாற்றும் திருத்தம் செவ்வாய்க்கு அனுப்பப்பட்டதும் மறுதொடக்கங்கள் நின்றன. அவ்வாண்டு இறுதியில் நிகழ்நேர அமைப்புகள் பற்றிய மாநாட்டில் இந்த வரலாறு விவரிக்கப்பட்டபோது, அவையில் அமர்ந்திருந்த ராஜ்குமாரும் மற்ற இருவரும் எழுந்து நிற்க, அவை கைதட்டி வாழ்த்தியது. தமிழ்நாட்டில் பொறியியல் படித்த ஒருவரின் பங்கு இதில் இருப்பதைத் தமிழ் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

பாத்ஃபைண்டர் வரலாறு இக்கட்டுரையின் பொருளுக்கு இன்னொரு வகையிலும் நெருங்கியது. ஓர் இயங்குதளத்தைப் பற்றிய தகவல் என்பது அதன் சிறப்புகளின் பட்டியலோடு முடிவதில்லை. எந்தத் தேர்வு இயல்பாகத் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதில்தான் அமைப்பின் நலம் தங்கியிருக்கிறது. எடுத்துக்காட்டாக, இன்று மிகப் பரவலாக வழங்கும் ஃப்ரீஆர்டிஓஎஸ் இயங்குதளத்தில் மியூட்டெக்ஸ் என்னும் பூட்டுக்கு முன்னுரிமை மரபுரிமை உண்டு, ஆனால் ஏறத்தாழ அதே வேலையைச் செய்வதாகத் தோன்றும் இருநிலை செமஃபோருக்கு அது இல்லை. பெயர்களை மட்டும் பார்த்து ஒன்றுக்கு மற்றொன்றைப் பயன்படுத்தும் நிரலாளர், செவ்வாயில் நேர்ந்த சிக்கலை உலர்கலனுக்குள் கொண்டுவந்துவிடக்கூடும். கையேட்டில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது, தேடிப் படிப்பவருக்கு மட்டும்.

தேடுவதற்கான வழிகள் பல இருந்தாலும் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. விற்பனைத் தாள்கள் மிகக் குறைந்த பயனுடையவை. அவை சராசரி எண்களையோ, மிகச் சாதகமான நிலையில் எடுத்த எண்களையோ பெரிதாக அச்சிடுகின்றன. தேடவேண்டியது, இயங்குதளம் மிக அதிகமாக எவ்வளவு நேரம் குறுக்கீடுகளை மூடிவைக்கிறது என்ற எண்ணை. குறுக்கீடு என்பது உணரி ஒன்று செயலியின் கவனத்தை உடனே கோரும் மின்குறிப்பு. இயங்குதளம் தன் உள்வேலைக்காக அதை மூடிவைத்திருக்கும் நேரம் முழுவதும் சுடர் அணைந்த செய்தியும் வாசலில் காத்திருக்கும். அந்த எண் எந்தச் சில்லில், எந்தக் கடிகார வேகத்தில் எடுக்கப்பட்டது என்பதும் கூடவே இருக்கவேண்டும். பாதுகாப்புச் சான்றிதழ் இருப்பதாகச் சொன்னால், அது இயங்குதளத்தின் எந்தப் பதிப்புக்கு வழங்கப்பட்டது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

கற்க விரும்புவோருக்கு மூல நிரலைவிடச் சிறந்த சான்று இல்லை. ஜான் லாப்ராஸ் என்பவர் 1992-ல் மைக்ரோசி ஓஎஸ் என்ற சிறிய இயங்குதளத்தை எழுதி, அதன் முழு நிரலையும் வரிவரியான விளக்கத்தோடு நூலாகவே வெளியிட்டார். ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் இத்துறையைக் கற்றது இத்தகைய நூல்களிலிருந்துதான். 2003-ல் ரிச்சர்ட் பாரி தொடங்கி 2017 முதல் அமேசானின் பொறுப்பில் இருக்கும் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் நிரல் எவரும் படிக்கவும் பயன்படுத்தவும் திறந்திருக்கிறது. அதன் மையம் சி மொழியில் எழுதப்பட்ட மூன்றே கோப்புகளில் அடங்கியிருப்பதால், பொறுமையுள்ள மாணவர் சில வாரங்களில் அதை முழுவதும் படித்துவிட முடியும். அதற்கான விளக்க நூலும் இலவசமாகக் கிடைக்கிறது. லினக்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் 2016-ல் வெளிவந்த ஸெஃபிர், மைக்ரோசாஃப்ட் 2023-ல் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்த த்ரெட்எக்ஸ் ஆகியவையும் திறந்த நிரல்களே. பெரிய கணினிகளில் இயங்கும் லினக்ஸுக்கே நிகழ்நேரத் தன்மை தரும் திருத்தங்கள், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் புறத்தே வளர்க்கப்பட்டபின், 2024-ல் வெளிவந்த 6.12 பதிப்பில் மையத்தோடு சேர்ந்துவிட்டன.

கருவியை வாங்கிப் பயன்படுத்துவோரின் நிலை இதைவிடக் கடினமானது, ஏனென்றால் பெட்டிக்குள் எந்த இயங்குதளம் இருக்கிறது என்பதே அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. 2019 ஜூலையில் ஆர்மிஸ் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், ஐபிநெட் என்ற வலைத்தொடர்பு மென்பொருளில் பதினோரு ஓட்டைகளை வெளிப்படுத்தியது. அவற்றுக்கு அர்ஜென்ட்/11 என்று பெயரிடப்பட்டது. சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்று உருவாக்கிய அம்மென்பொருளை வின்ட் ரிவர் 2006-ல் அந்நிறுவனத்தோடு சேர்த்து வாங்கியிருந்தது, ஆனால் அதற்கு முன்பே அது வேறு பல நிகழ்நேர இயங்குதளங்களுக்கும் உரிமம் வழங்கப்பட்டிருந்தது. ஆகவே விஎக்ஸ்வொர்க்ஸ் இல்லாத கருவிகளிலும் அதே ஓட்டைகள் இருந்தன, அக்டோபரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மருத்துவக் கருவிகளைக் குறித்து எச்சரிக்கை விடுக்கும் அளவுக்கு அது பரவியிருந்தது. 2021 ஆகஸ்டில் கியூஎன்எக்ஸ் இயங்குதளத்தின் பழைய பதிப்புகளுக்கும் இதைப் போன்றதோர் எச்சரிக்கை வந்தது. தம்மிடம் உள்ள கருவி பாதிக்கப்பட்டதா என்று கேட்டபோது பதில் சொல்லத் தேவைப்பட்ட ஆவணம், அதாவது உள்ளே இருக்கும் மென்பொருள்களின் பெயரும் பதிப்பும் கொண்ட பட்டியல், பெரும்பாலோரிடம் இல்லை. உலர்கலனோ தரம்பிரிக்கும் இயந்திரமோ வாங்கும் தொழிற்சாலை, விலைப்புள்ளி கேட்கும்போதே இந்தப் பட்டியலையும், மிக மோசமான நிலையில் ஆகக்கூடிய தாமதத்தையும், எத்தனை ஆண்டுகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது, ஏனென்றால் பணம் கொடுத்த பின் கேட்டால் பதில் வருவது அரிது.

இயங்குதளத்தின் உறுதி எங்கே முடிகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். கேமரன் மலைக்கு இது ஏட்டளவிலான செய்தி அன்று. 2013 அக்டோபர் 23 அதிகாலையில், பெருமழையை அடுத்து சுல்தான் அபு பக்கர் அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கி, உயிர்களும் வீடுகளும் காய்கறித் தோட்டங்களும் அழிந்தன. அந்தத் துயரத்தை ஒரு கணினியின் மேல் ஏற்றிப் பேசுவது தவறு. மலைச்சரிவுகளில் காடு அழிக்கப்பட்டு மண் கரைந்து நீர்த்தேக்கத்தில் படிந்தது, அணைக்குக் கீழே ஆற்றோரமாகக் குடியிருப்புகள் பெருகியது, எச்சரிக்கை மக்களைச் சென்றடைந்த விதம் எனப் பலவும் அதில் பின்னிக் கிடக்கின்றன. நிகழ்நேரம் பற்றிய சிந்தனை இங்கே தரக்கூடியது ஒரு கணக்கு முறை: நீர்மட்டத்தை உணரி அளப்பதிலிருந்து, செய்தி கட்டுப்பாட்டு அறைக்கு வந்து, மனிதர் முடிவெடுத்து, அபாயச் சங்கு ஒலித்து, உறங்குபவர் விழித்து, முதியவரும் குழந்தையும் மேட்டுக்கு ஏறி முடிப்பதுவரை ஆகும் நேரத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை நீர் வந்துசேரும் நேரத்தைவிடக் குறைவாக இருக்கிறதா என்று பார்ப்பது. அந்தச் சங்கிலியில் இயங்குதளம் பொறுப்பேற்கும் பங்கு சில மில்லிவினாடிகளே. எஞ்சிய பங்கெல்லாம் நிமிடங்களிலும் மணிகளிலும் ஆனது. ஆனாலும் ஒவ்வொரு கண்ணிக்கும் ஆகக்கூடிய மிக அதிக நேரம் என்ன என்று எழுதிவைத்து, அதை ஆற்றோரத்தில் வாழ்வோருக்கும் அவர்கள் மொழியில் தெரியப்படுத்துவது, மின்தடத்துக்குக் காட்டப்படும் அக்கறையை மனிதருக்கும் காட்டுவதாகும்.

தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளும் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படித்து மேலே செல்லும் மாணவர் நிகழ்நேர இயங்குதளம் ஒன்றைக் கையால் தொட்டுப் பார்க்கப் பெருந்தொகை தேவையில்லை. சீனாவின் எஸ்பிரெஸிஃப் நிறுவனம் 2016-ல் வெளியிட்ட இஎஸ்பி32 என்ற மலிவான சில்லுக்கு அந்நிறுவனம் வழங்கும் மென்பொருள் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் மேல் கட்டப்பட்டது. அதில் ஆர்டுயினோ முறையில் எழுதப்படும் எளிய நிரல்கூட, எழுதியவர் அறியாமலேயே, அந்த இயங்குதளத்தின் ஒரு பணியாகத்தான் ஓடுகிறது. ஒரு வெப்ப உணரியைப் பொருத்தி, 100 மில்லிவினாடிக்கு ஒருமுறை அதைப் படிக்கும் பணி ஒன்றை எழுதி, ஒவ்வொரு முறையும் குறித்த நேரத்துக்கு எவ்வளவு பிந்தியது என்பதைப் பதிவு செய்து பார்க்கலாம். முதலில் வைஃபை தொடர்பை அணைத்துவைத்தும், பின் அதை இயக்கித் தரவை இடைவிடாது அனுப்பிக்கொண்டும், பணியின் முன்னுரிமையை ஏற்றியும் இறக்கியும் ஓரிரு நாட்கள் ஓடவிட்டால், சராசரி ஏறக்குறைய அப்படியே நிற்க, மிக அதிகமான தாமதம் என்ற ஒரே எண் மட்டும் நிலைமைக்கு ஏற்பப் பன்மடங்கு மாறுவதைக் காணலாம். பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டியது அந்த எண்ணை.